காகிதத்தை எழுப்புவதும் அமிழ்த்துவதும்: எம்போசிங், டீபோசிங் பற்றிய எளிய விளக்கம்

வேலூர்க் கடைத்தெருவில் திருமணப் பத்திரிகை விற்கும் கடை ஒன்றில் மாதிரிகள் அடுக்கியிருக்கும் மேசை முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ‘எம்போஸ்’ என்ற சொல் நான்கு வெவ்வேறு பொருளில் காதில் விழும். பளபளக்கும் தங்க நிறப் பிள்ளையாரைக் காட்டி ஒருவர் அதை எம்போஸ் என்பார். விரலில் தட்டுப்படும் தடித்த மையை இன்னொருவர் எம்போஸ் என்பார். கணினித் திரையில் நிழல் கொடுத்து எழுப்பிக் காட்டிய எழுத்துக்கும் அதே பெயர்தான். உண்மையாகவே மேலெழுந்து நிற்கும் காகிதத்துக்கும் அதே பெயர்தான். கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்கிறார், எடுத்துக்கொள்பவர் வேறொன்றை நினைத்து விலை சொல்கிறார். பத்திரிகை கைக்கு வந்த நாளில் இருவருக்கும் மனத்தாங்கல் வருகிறது. யோசித்துப் பார்த்தால் இருவர்மீதும் தவறு இருப்பதில்லை.

வேலூரில் பல ஆண்டுகளாக அழைப்பிதழ்களும் பெட்டிகளும் வடிவமைத்து வருபவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். அச்சகத்தையே பார்த்திராதவருக்கும் புரியும்படி, எம்போசிங் என்றால் என்ன, டீபோசிங் என்றால் என்ன, காகிதத்துக்குள் என்ன நடக்கிறது, அதற்கு ஏற்றாற்போல் எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கல்லும் தகடும்

இந்தத் தொழிலை விளங்கிக்கொள்ள நம் ஊரிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம். அதன் தூண்களில் யாளிகளும் குதிரை வீரர்களும் புடைத்து நிற்கிறார்கள். அந்தப் புடைப்பு எப்படி வந்தது? உருவத்தைச் சுற்றியிருந்த கல்லைச் சிற்பி செதுக்கி அகற்றியதால் வந்தது. உருவம் மேலே எழவில்லை. அதைச் சூழ்ந்திருந்த கல்தான் போய்விட்டது.

இன்னொன்று, 2007-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயில். அங்கே செப்புத் தகடுகளில் உருவங்களைப் புடைக்கச் செய்து, அவற்றின்மேல் மெல்லிய தங்கத் தகட்டைப் பல அடுக்குகளாகப் பொதித்திருக்கிறார்கள். கோயில்களில் சுவாமிக்குச் சாத்தும் கவசங்களைச் செய்பவர்களின் வேலையும் இதே வகைதான். தகட்டை அரக்கின்மேல் வைத்துப் பின்பக்கமிருந்து தட்டுவார்கள். தட்டிய இடம் முன்பக்கம் எழும். இதில் உலோகம் எதுவும் செதுக்கி எடுக்கப்படுவதில்லை. இருந்த தகடே இடம் பெயர்ந்து, இழுபட்டு, மெலிந்து வேறு வடிவத்துக்கு மாறுகிறது.

எம்போசிங் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காகிதத்தைப் பின்னாலிருந்து அழுத்தி, முன்பக்கம் ஓர் உருவம் மேலெழச் செய்வதே எம்போசிங். தமிழில் புடைப்பு எனலாம். முன்னாலிருந்து அழுத்தி, உருவம் உள்ளே அமிழும்படி செய்வது டீபோசிங். இதைக் குழிவு எனலாம். இரண்டிலும் காகிதத்தின்மேல் எதுவும் கூட்டப்படுவதில்லை, அதிலிருந்து எதுவும் குறைக்கப்படுவதும் இல்லை. இந்த ஒரு வரியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இனி வரும் விதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

குழிவைச் செதுக்கலோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அருகிலுள்ள வேலூர்ப்பாளையத்தில் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் செப்பேடுகள் கிடைத்தன. செப்பேட்டில் எழுத்து உளியால் வெட்டப்படுகிறது. வெட்டு பொதுவாக ஏட்டின் மறுபக்கத்தை எட்டுவதில்லை. அதனால் ஓர் ஏட்டின் இருபுறமும் எழுத முடிந்தது. காகிதப் புடைப்பில் அந்த வசதி கிடையாது. முன்பக்கம் எழுந்தது பின்பக்கம் பள்ளமாக இருந்தே தீரும். இதனால் வரும் தொல்லையைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டு அச்சுகளுக்கு நடுவில்

நிறுவனங்களின் பொது முத்திரையைக் காகிதத்தில் பதிக்கும் கைப்பிடிக் கருவியைப் பழைய அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். 2015-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத் திருத்தம் பொது முத்திரையைக் கட்டாயமற்றதாக ஆக்கும் வரையில், ஏறத்தாழ எல்லா நிறுவன அலுவலகங்களிலும் அது இருந்தது. காகிதத்தை அதன் வாயில் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால், மையே இல்லாமல் வட்ட முத்திரை எழுந்துவிடும். அந்த வாய்க்குள் பார்த்தால் இரண்டு தகடுகள் தெரியும். ஒன்றில் எழுத்துகள் பள்ளமாக இருக்கும். மற்றொன்றில் அதே எழுத்துகள் அதே இடத்தில் மேடாக இருக்கும். மேடு, காகிதத்தைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது.

அச்சகத்தில் நடப்பதும் இதுவேதான். அளவும் அழுத்தமும் மட்டும் பெரியவை. உருவம் வெட்டிய உலோகத் தகட்டைப் பிளாக் என்பார்கள். அதற்கு எதிரே, அதன் வடிவத்துக்குப் பொருந்தும்படி அமைக்கும் மறுபாதியை எதிரச்சு என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். எளிய, ஒரே உயரமுள்ள உருவங்களுக்குத் துத்தநாகம் அல்லது மெக்னீசியத் தகட்டை அமிலத்தால் அரித்துப் பிளாக் செய்கிறார்கள். கண், மூக்கு, ஆடையின் மடிப்பு என உயரம் மாறிமாறி வரும் உருவத்துக்குப் பித்தளையைக் கடைந்து செய்யும் பிளாக் வேண்டும். அதன் விலை கூடுதல். ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் ஆப்செட் அச்சு வந்த பிறகு பழைய டிரெடில் (மிதி) அச்சு எந்திரங்கள் பல அச்சடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், மடிப்புக் கோடு போடவும் ஓரம் வெட்டவும் எம்போசிங் செய்யவும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதிரச்சைக் கையாலேயே உருவாக்குவதுண்டு. பிளாக்குக்கு எதிரே தடித்த அட்டையை ஒட்டி, அதன்மேல் பிளாக்கைப் பலமுறை அடிக்க விடுவார்கள். அட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தின் வடிவத்தை வாங்கிக்கொண்டு எதிரச்சாகிவிடும். இதைப் பொறுமையோடு செய்யும் தொழிலாளியின் வேலைக்கும் அவசரத்தில் செய்தவரின் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடலாம்.

நாருக்குள் நடப்பது

இவ்வளவு மெல்லிய காகிதம் கிழியாமல் எப்படி எழுகிறது, எழுந்தது மறுபடி ஏன் படுத்துவிடுவதில்லை? விடை காகிதத்தின் உடலமைப்பில் இருக்கிறது. காகிதம் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் செல்லுலோஸ் நார்களின் படுகை. அதை மெதுவாக வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஓர் எல்லைக்கு மேல் அழுத்தினால் நார்கள் சற்றே நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று நழுவிப் புதிய இடத்தில் தங்கிவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டுவதுதான் எம்போசிங். அதற்கும் மேலே போனால் நார்களின் பிணைப்பு அறுந்து காகிதம் வெடிக்கும்.

ஆகவே, தங்கும் அளவுக்கு மேலும் கிழியும் அளவுக்குக் கீழும் உள்ள ஒரு குறுகிய இடைவெளியில்தான் இந்தத் தொழில் முழுவதும் நடக்கிறது. அந்த இடைவெளியை அகலப்படுத்த இரண்டு துணைகள் உண்டு. ஒன்று சூடு, மற்றொன்று ஈரப்பதம். பிளாக்கைச் சூடாக்கினால் நார்கள் இளகி வடிவத்தை எளிதாக ஏற்கின்றன. அளவுக்கு மீறினால் காகிதம் பழுப்பேறும். ஈரப்பதம் குறைந்த காகிதம் மொறுமொறுப்பாகி விளிம்புகளில் வெடிக்கும். கத்திரி வெயிலில் வேலூரின் காற்று எப்படி இருக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் கட்டைப் பிரித்து நெடுநேரம் வெறுமனே போட்டு வைத்த அட்டைகளை எம்போசிங்குக்குக் கொடுக்காமல், உறையோடு மூடி வைத்திருந்து வேண்டியபோது பிரிப்பது நல்லது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புடைப்பும் குழிவும் காகிதத்தின் வடிவ மாற்றங்கள். பிளாக்கும் எதிரச்சும் சேர்ந்து அதைச் செய்கின்றன. நார் நீண்டு, நழுவி, புதிய இடத்தில் தங்குவதால் அந்த மாற்றம் நிலைக்கிறது.

எம்போசிங் என்று தவறாக அழைக்கப்படுபவை

முதலில் ஃபாயில். சூடான பிளாக், நிறப்படலம் பூசிய தாளைக் காகிதத்தில் அழுத்தி, படலத்தை மட்டும் அதில் ஒட்டிவிட்டு எழும். தங்கம்போல மின்னும் அந்தப் பூச்சு தட்டையானது. அழுத்தத்தால் மிகச் சிறிதளவு அமிழ்ந்திருக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தடிமனாக விழும் மை. மூன்றாவது, ஈரமான மையின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டி உப்ப வைக்கும் முறை. நான்காவது, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பூசும் பளபளப்பான யு.வி. பூச்சு. இவை எல்லாவற்றிலும் மேடு இருக்கிறது என்றால், அது காகிதத்தின்மேல் வைத்த பொருளின் மேடு.

கண்டுபிடிக்க எளிய வழி, அட்டையைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்து மேட்டுக்கு நேராகப் பின்பக்கம் பள்ளம் இருந்தால் அது எம்போசிங். பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் அது மை அல்லது பூச்சு, அல்லது பின்னால் இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன முறைகளும் அழகானவையே. தவறு பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

கணினித் திரையில் நிழலும் ஒளியும் சேர்த்து எழுத்தை எழுப்பிக் காட்டும் வசதிக்கும் எம்போஸ் என்றே பெயர். அது ஒரு படம், அவ்வளவே. அந்த நிழலோடு கோப்பை அச்சுக்குக் கொடுத்தால் நிழல் மையாக அச்சாகும். அதன்மேல் உண்மையான புடைப்பும் விழுந்தால், அச்சான நிழல் ஒரு திசையிலும் உண்மை நிழல் வேறு திசையிலும் விழுந்து உருவம் கலங்கிப்போகும்.

எந்தக் காகிதம் தாங்கும்?

வடிவமைப்பாளர்களில் பலர் படத்தை முதலில் வரைந்துவிட்டு, காகிதத்தைக் கடைசியில் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்போசிங்கில் வேலையைச் செய்வது காகிதமே ஆகையால், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதைக் குறிக்கும் அளவு. நகலெடுக்கும் தாள் பொதுவாக 70 முதல் 80 ஜி.எஸ்.எம். இருக்கும். அதிலும் முத்திரையை எழுப்ப முடியும். ஆனால் ஆழமான உருவத்தை அது தாங்காது, தாங்கினாலும் விரைவில் படுத்துவிடும். அழைப்பிதழின் அட்டைக்கு 250 முதல் 350 ஜி.எஸ்.எம். வரை வசதியானது. அதற்காகத் தடிமனே எல்லாமும் ஆகிவிடாது. நார் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பருத்தி நாரால் செய்த காகிதம் ஆழமான புடைப்பையும் வெடிக்காமல் ஏற்கும். மறுசுழற்சிக் காகிதத்தில் நார்கள் குட்டையாக இருப்பதால் விளிம்புகள் எளிதில் விரிசல் காணும்.

நம் கடைகளில் மிகுதியாகப் புழங்கும் ஆர்ட் கார்டைப் பற்றிக் கூடுதலாக ஒரு சொல். அதன் வழவழப்புக்குக் காரணம் மேலே பூசிய களிமண் பூச்சு. நார் நீளும்போது அந்தப் பூச்சு நீளாது. அதனால் புடைப்பின் விளிம்பில் வெள்ளைக் கீறல்கள் தோன்றும். அடர்ந்த நிறம் அச்சிட்ட அட்டையில் அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும். முன்கூட்டியே லேமினேஷன் செய்துவிட்டால் மேற்பரப்பு ஒரு படலத்தால் கட்டுண்டு, கீறல் பெரும்பாலும் மறைந்துவிடும். பளபளப்பில்லாத ‘மேட்’ லேமினேஷன் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மின்னும் லேமினேஷனில் பல திசைகளிலிருந்து ஒளி தெறித்து, புடைப்பின் நிழல் சரியாகத் தெரியாமல் போகலாம்.

நிழல் என்று சொன்னேன் அல்லவா, மையோ ஃபாயிலோ இல்லாத வெறும் புடைப்பு கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான். இதைக் குருட்டுப் புடைப்பு என்று சொல்வதுண்டு. வெளிர் நிறமும் மங்கலான பரப்பும் உள்ள அட்டையில் அது அருமையாக இருக்கும். கருநிற அட்டையில் நிழலுக்கே இடமில்லை. எனவே அங்கே தடவினால் தெரியும், பார்த்தால் எளிதில் தெரியாது.

சரிவின் கணக்கும் தமிழ் எழுத்தும்

வாசகர் சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. புடைப்பின் மேற்பரப்புக்கும் சுற்றியுள்ள காகிதத்துக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் பிளாக்கின் விளிம்பு கத்திபோல் ஆகிக் காகிதத்தை வெட்டிவிடும். சாய்வாக இருந்தால் காகிதம் மெல்ல ஏறும். அப்போதும் ஏறுவதற்குக் கூடுதல் காகிதம் வேண்டும், செங்குத்தாக ஆக ஆக இன்னும் கூடுதலாக வேண்டும். தட்டையாகக் கிடந்தபோது 1 மி.மீ. அகலமாக இருந்த இடத்தை 45 பாகைச் சரிவில் மூட ஏறத்தாழ 1.41 மி.மீ. தேவை, 60 பாகை என்றால் 2 மி.மீ. தேவை. இந்தக் கூடுதல் நீளத்தில் ஒரு பங்கு நார் நீள்வதால் கிடைக்கிறது, ஒரு பங்கு காகிதம் மெலிவதால் கிடைக்கிறது, மீதி சுற்றுப்புறத்திலிருந்து இழுபட்டு வருகிறது. ஓரத்துக்கு மிக அருகில் புடைப்பை வைத்தால் அந்த ஓரம் அலைபோல் சுருங்குவதற்கு இந்த இழுப்பே காரணம். ஆகவே ஓரத்திலிருந்தும் மடிப்புக் கோட்டிலிருந்தும் குறைந்தது 10 மி.மீ. தள்ளி வைப்பது பாதுகாப்பு.

சரிவு இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஓர் எழுத்தின் கோடு 2 மி.மீ. தடிமன், புடைப்பின் உயரம் 0.4 மி.மீ., சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். சரிவு கோட்டுக்கு உள்பக்கமாக அமைந்தால் இரு புறமும் 0.4 மி.மீ. வீதம் கழிந்து, மேலே தட்டையான பரப்பு 1.2 மி.மீ. மட்டுமே மிஞ்சும். அதே கணக்கில் 0.8 மி.மீ. கோட்டில் தட்டையான பரப்பு எதுவும் மிஞ்சாது. வரப்புபோல ஒரு கூர்ப்பு மட்டும் இருக்கும். சரிவை வெளிப்பக்கம் அமைத்தால் கோடு தப்பிக்கும், ஆனால் பக்கத்துக் கோட்டோடு உள்ள இடைவெளி குறுகும். உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதைப் பிளாக் செய்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தம் வழக்கப்படி செய்துவிடுவார்.

ரோமன் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ண’ என்ற எழுத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். சரிவுகள் இரு புறமிருந்தும் அந்த இடத்தை நெருக்கினால், சுழி அடைபட்டு ஒரு கட்டியாகிவிடும். ‘ஞ’, ‘ழு’, ‘ணை’ போன்றவையும் அப்படித்தான். ‘ர’ என்ற எழுத்தைக் காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள சிறு சாய்கோடு ஒன்றுதான்; புடைப்பில் அது மங்கினால் ‘ர’ எது, ‘ா’ எது என்று படிப்பவர் தடுமாறுவார். எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. ‘முகூர்த்தம்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. 5 மி.மீ. உயர எழுத்தில் புள்ளியின் விட்டம் 1 மி.மீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். அவ்வளவு சிறிய புள்ளி ஒன்று எழாமலே போகும், அல்லது ஊசி குத்தியதுபோல் காகிதத்தைத் துளைக்கும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிச் சொல்லே மாறிவிடுகிறது.

ஆகவே தமிழில் எம்போசிங் செய்ய நான் பின்பற்றும் வழி இது. பெயர்களையோ ஒரு தலைப்புச் சொல்லையோ மட்டும் புடைக்க வைத்து, மற்ற வாசகங்களைச் சாதாரண மையிலேயே விட்டுவிடுகிறேன். ஒரே தடிமனில் ஓடும், சுழிகள் அகன்ற எழுத்துருவைத் தேர்ந்துகொள்கிறேன். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிவரும் எழுத்துருக்கள் திரையில் அழகாக இருந்தாலும் புடைப்பில் மெல்லிய கோடுகளை இழந்துவிடும். எழுத்துகளுக்கு இடையே வழக்கத்தைவிட அதிக இடம் விடுகிறேன். புள்ளியைத் தனியாக எடுத்துச் சற்றே பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி வைக்கிறேன். எழுத்துரு வடிவமைப்பாளருக்கு இது உறுத்தலாம். ஆனால் தாத்தாவின் பெயர் அட்டையில் பிழையில்லாமல் எழுவது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக: சரிவு, கோட்டையும் இடைவெளியையும் தின்னும். அதற்கு இடம் கொடுத்து வரைய வேண்டும். தமிழில் சுழிக்கும் புள்ளிக்கும் கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.

பின்பக்கத்தை மறக்க வேண்டாம்

எங்கள் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்த அழைப்பிதழில், முகப்பில் பெரிய பிள்ளையார் உருவம் ஆழமாகப் புடைத்திருந்தது. மிகவும் நேர்த்தியான வேலை. அட்டையைத் திறந்தால், அந்தப் பிள்ளையாரின் பள்ளம் உள்பக்கத்தில் நேரமும் முகவரியும் அச்சான இடத்திலேயே விழுந்திருந்தது. எழுத்துகள் வளைந்து, மை விரிந்து, முதியவர்கள் தெருப் பெயரைப் படிக்க முடியாமல் தொலைபேசியில் கேட்டார்கள். வடிவமைத்தவர் இரு பக்கங்களையும் திரையில் தனித்தனியாக மட்டுமே பார்த்திருக்கிறார் என்பது என் ஊகம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. புடைப்புக்கு நேர் பின்னால் வாசகம் இல்லாமல் விடலாம். உள்தாளைத் தனியாக அச்சிட்டு ஒட்டிப் பள்ளத்தை மறைக்கலாம். விசிட்டிங் கார்டு போன்றவற்றில், ஒரு தாளில் புடைப்பை முடித்துவிட்டு, பிறகு அதன் முதுகில் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

குழிவு: புடைப்பின் மறுபுறம் மட்டும் அல்ல

டீபோசிங்கைப் புடைப்பின் தலைகீழ் வடிவம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மெல்லிய அட்டையில் அது சரி. தடித்த அட்டையிலோ தோலிலோ நடப்பது வேறு. அங்கே எதிரச்சே தேவையில்லை. மேடாக வெட்டிய பிளாக் ஒன்று மேலிருந்து அழுத்துகிறது. கீழே கெட்டியான சமதளம் இருக்கிறது. பொருள் கீழே போக வழியில்லாமல் அந்த இடத்திலேயே நெரிந்து அடர்த்தியாகிறது. அதனால் பின்பக்கம் தட்டையாகவே இருக்கும். கெட்டி அட்டைப் புத்தகங்களின் மேலுறையில் தலைப்பு அமிழ்ந்திருப்பதும் உட்பக்கம் ஒன்றும் தெரியாமலிருப்பதும் இதனால்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரவிய நம் வட்டாரத்தில் இதை விளக்குவது எளிது. இடுப்பு வார், பணப்பை ஆகியவற்றில் நிறுவனத்தின் சின்னம் அமிழ்ந்திருப்பதைப் பாருங்கள். சூடேறிய பித்தளை அச்சு தோலை அழுத்திய அடையாளம் அது. சாதாரணத் தோலில் முதலைத் தோலின் கட்டங்களை வரவழைப்பதும், பெரிய தகடுகளை எந்திரத்தில் வைத்துத் தோலை அழுத்துவதால்தான். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல் அழுத்தத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். முன்பு நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை அதற்கு மிகுதியாகப் பயன்பட்டது. குரோமியத்தால் பதனிட்ட தோல் மென்மையும் மீள்தன்மையும் கொண்டதாகையால், அழுத்தியது ஓரளவு திரும்பி எழுந்துவிடும். காகிதத்தில் நாம் பார்த்த அதே நார்க்கதை இங்கேயும் தொடர்கிறது.

வடிவமைப்பில் குழிவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது எளிதில் தேயாது. புடைப்பு மற்ற அட்டைகளோடு உரசும், கட்டின் எடையில் நசுங்கும். குழிவு தன் சுற்றுப்புறத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கும். அடிக்கடி கைமாறும் பொருளுக்கும், அடுக்கி வைக்கும் பெட்டிக்கும் குழிவையே நான் பரிந்துரைப்பேன். சிறிய எழுத்தும் மெல்லிய கோடும் குழிவில் ஓரளவு தப்பிப் பிழைக்கும்.

மையோடும் ஃபாயிலோடும் சேரும்போது

அச்சிட்ட படத்தின்மேல் சரியாகப் பொருந்தும்படி புடைப்பை வைப்பதைப் பொருத்தப் புடைப்பு எனலாம். அச்சும் புடைப்பும் வெவ்வேறு எந்திரங்களில் நடப்பதால், தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மெல்லிய கரைக்கோடு போட்ட உருவத்தைவிட, ஓரம் மென்மையாகக் கரையும் உருவம் இந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும். ஃபாயிலோடு சேர்க்கும்போது முதலில் ஃபாயிலைப் போட்டுவிட்டுப் பிறகு எழுப்பலாம். இரண்டையும் ஒரே அடியில் முடிக்கும் பித்தளைப் பிளாக்கும் உண்டு. அதில் பொருத்தம் தவறாது, செலவு கூடும். வேலையின் வரிசை பொதுவாக அச்சு, மை காய்தல், லேமினேஷன், ஃபாயில், எம்போசிங், கடைசியாக வெட்டும் மடிப்பும்.

பிளாக் செய்யும் செலவு 100 அட்டைக்கும் 1000 அட்டைக்கும் ஒன்றே என்பதால், குறைந்த எண்ணிக்கையில் ஓர் அட்டையின் விலை ஏறத்தான் செய்யும். அச்சகத்தார் கூடுதல் விலை சொன்னால் அதற்கு இந்த நியாயம் உண்டு.

கோப்பும் மாதிரியும்

அச்சகத்துக்குத் தரும் கோப்பில் புடைக்க வேண்டிய பகுதி தனி அடுக்கில், நிழலோ சாயலோ இல்லாமல், முழுக் கறுப்பில், கோடுகளால் வரைந்த வடிவமாக இருக்க வேண்டும். அது புடைப்பா குழிவா, எவ்வளவு உயரம், சரிவு எந்தப் பக்கம், விளிம்பு கூர்மையா உருண்டையா என்பதை எழுத்திலேயே குறித்துக் கொடுங்கள்; வாய்மொழியாகச் சொன்னது எந்திரத்தை இயக்குபவரிடம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும்.

பிளாக் வந்ததும், உங்கள் வேலைக்கு வாங்கிய அதே அட்டையில், அதே லேமினேஷனோடு ஐந்தாறு தாள்களை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு அட்டையில் அடித்த மாதிரியை நம்பி ஒப்புதல் தராதீர்கள். மாதிரியை உடனே பார்ப்பதோடு நிறுத்தாமல், ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் காலையில் சன்னலோரம் எடுத்துச் சென்று பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நார்கள் சற்றே திரும்பித் தங்குவதற்குள் காட்டும் உயரம் வேறு, தங்கிய பின் காட்டும் உயரம் வேறு. விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். கீறல் இருந்தால் தட்டுப்படும். ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுங்கள். பிறகு பின்பக்கத்தைத் திருப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால், முடிந்த அட்டைகளை உயரமாக அடுக்கிக் கயிறு இறுக்கிக் கட்டாமல், சிறு கட்டுகளாக, நடுவே மெல்லிய தாள் வைத்துப் பெட்டியில் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.